உள்ளே போக மறுத்த மெனு

யாழ்ப்பாணத்தில் தெரிந்த அண்ணை ஒருவரின் புடவைக் கடைக்கு இணையத்தளம் செய்து கொடுத்தேன். கைபேசியில் இடப்பக்க மெனு அதன் அகலமளவுக்கு நகர்ந்து மறைய வேண்டும். அசையவே இல்லை. "தம்பி, இது பூட்டுப்படுதில்லையே" என்றார் அண்ணை. பிழைகளைக் காட்டும் உலாவியின் கன்சோலில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் எரிச்சல்.

ஜாவாஸ்கிரிப்டில் மெனுவின் அகலத்தை மெனு.ஸ்டைல்.விட்த் என்று கேட்டு அச்சிட்டுப் பார்த்தேன். வெற்றுச் சரம், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரை. தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் (ஸ்டைல்ஷீட்) 240 பிக்சல் என்று எழுதியிருக்கிறேனே! ஆனால் ஸ்டைல் என்பது அந்த எலிமென்ட்டின் (பக்கத்தின் ஒரு கூறு, இங்கே மெனு) ஸ்டைல் பண்புக்கூறில் நேரடியாக எழுதியதை மட்டும்தான் சொல்லும்; ஸ்டைல்ஷீட் பக்கம் எட்டியும் பார்க்காது. வெற்றுச் சரத்தை, சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டுக்குக் கொடுத்தால் கிடைப்பது நான். (தன்மைப் பெயர் அல்ல, 'எண் அல்ல' என்று சொல்லும் அந்த நான்.) அதை வைத்து எழுதிய, மெனுவை நகர்த்தும் டிரான்ஸ்ஃபார்மை உலாவி சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டது.

சரி, உலாவி கடைசியாகக் கணக்கிட்ட மதிப்பைத் தரும் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் போட்டேன். "240பிஎக்ஸ்" வந்தது. அதுவும் எண் அல்ல, சரம், எண்ணாக்க பார்ஸ்ஃப்ளோட் தேவை. மெனு நகர்ந்தது, ஆனால் ஓரத்தில் ஒரு கீலம் மட்டும் எட்டிப் பார்த்தது. அளந்தால் 32 பிக்சல். இரண்டு பக்கமும் 16 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி)! அகலத்தில் பேடிங் சேருமா என்பதைத் தீர்மானிக்கும் பாக்ஸ் சைஸிங்கை மாற்றாததால் 240இல் அது சேரவில்லை.

கடைசியில் எலிமென்ட்டின் முழு அகலத்தைத் தரும் ஆஃப்செட்விட்த். 272, நேரடியாக எண்ணாகவே. பேடிங்கும் பார்டரும் (ஓரக்கோடு) அதற்குள் அடக்கம். டிஸ்ப்ளே நன், அதாவது எலிமென்ட்டை முழுதாக மறைத்த நிலையில் கேட்டால் மட்டும் 0 தரும். அதனால் மெனு திரையில் இருக்கும்போதே அளந்து வைத்துக்கொண்டேன்.