வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை

"வீடு ஒன்னு விலைக்கு இருக்கு, வந்து பாருங்க" என்று போன் வந்ததும், வீட்டுத் தரகு செய்யும் நாம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். மதுரை விளாங்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு நாலு தடவை போய், வாங்கும் பார்ட்டியைக் கூட்டிப்போய்க் காட்டி, விலையும் பேசி முடித்த பிறகு, அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்குத்தான் விற்பவருக்குத் திருப்பூரில் பங்குள்ள ஒரு தங்கை இருப்பது தெரிந்தது. அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அவரிடம் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து போனில் பத்து நிமிடம் பேசாமல் நான் எந்த வீட்டுக்கும் போவதில்லை.

1. பத்திரம் யார் பேரில்?

விலை, சதுர அடி எல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"அப்பா பேர்ல இருக்கு சார்."

"அப்பா இருக்காங்களா?"

"தவறி மூணு வருஷமாச்சு."

"வாரிசுச் சான்று வாங்கிட்டீங்களாண்ணே? அதுல எத்தனை பேரு?"

இந்தக் கடைசிக் கேள்வியில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் தயங்கினால், அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவர், எல்லோருக்கும் சம பங்கு. பரம்பரைச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே உரிமை உண்டு என்று 2005 திருத்தம் சொல்கிறது. "தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்துட்டோம், அவ கேக்க மாட்டா" என்பது பதில் ஆகாது. அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவர் நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். பங்குக்காரர் எல்லோருக்கும் சம்மதம் என்று தெரிந்த பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

பேசுபவர் பவர் (உரிமையாளர் சார்பில் விற்க எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையே என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது.

2. ஒரிஜினல் பத்திரம் எங்கே? வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்?

"ஒரிஜினல் இப்ப உங்க கையில இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். பேங்கில் இருந்தால் பயமில்லை. பாக்கி எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். வட்டிக்குக் கொடுப்பவரிடம் பதிவு செய்யாமல் அடமானமாக வைத்திருந்தால்தான் சிக்கல். அது எந்தப் பதிவிலும் தெரியாது.

அடுத்தது எங்கள் ஊர்ப் பக்கம் விடாமல் கேட்க வேண்டியது: ஒத்தி, அதாவது மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டைக் குடியிருக்க விடுவது. வீட்டை ஒத்திக்கு விட்டு வாங்கிய ஐந்து லட்சத்தை உரிமையாளர் எப்போதோ செலவழித்திருப்பார். பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி, பதிவு இருக்காது. அந்தப் பணம் திரும்பக் கிடைக்காமல் ஒத்திக்காரர் காலி செய்ய மாட்டார். விற்கிற பணத்தில்தான் அதைக் கொடுக்கப் போகிறார்கள் என்றால், வாங்குபவரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

3. வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

சர்வே எண்ணும் கிராமமும் கேட்டு வாங்குங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள்.

பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும்போது பெயர்களைத் தொடருங்கள். ஒரு வரியில் எழுதிவாங்கியவர், அடுத்த விற்பனையில் எழுதிக்கொடுத்தவராக வர வேண்டும். நடுவில் சங்கிலி அறுந்தால் அந்த வரியைக் குறித்து வைத்து விற்பவரிடம் கேளுங்கள். உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்று ஒரு பதிவு இருந்தால் பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். கீழே அந்தக் கடனை அடைத்ததற்கான ரசீது ஆவணம் இல்லையென்றால் பதிவுப்படி அந்தக் கடன் இன்னும் முடியவில்லை. "லோன் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு" என்பவர்கூட ரசீது பதியாமல் விட்டிருப்பார். அதை இப்போதே முடிக்கச் சொல்லுங்கள்.

பட்டாவைத் தமிழக அரசின் நில ஆவணத் தளத்தில் பார்க்கலாம். அதில் பழைய உரிமையாளர் பெயரே நின்றால் பெயர் மாற்றம் ஆகவில்லை. சரி செய்யக்கூடியதுதான், நாள் எடுக்கும்.

4. ஏன் விற்கிறார், எப்போது பணம் வேண்டும்?

"தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம்" என்பவர் விற்பார். "நல்ல விலை வந்தா பாக்கலாம்" என்பவர் விலை விசாரிக்க நம்மைப் பயன்படுத்துகிறார். அவரை விரோதித்துக்கொள்ளாமல் நம்பரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் வீட்டுக்கு வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடிப்பார். வெளிநாட்டில் குடியிருப்பவர் விற்றால் பிடித்தம் அதைவிட அதிகம். கமிஷனையும் போனிலேயே பேசிவிடுங்கள்.

இத்தனையையும் போலீஸ்காரர் விசாரிப்பது போலக் கேட்காதீர்கள். கடனிலோ சாவிலோ மனம் நொந்துதான் பலர் வீட்டை விற்க வருகிறார்கள். "வாங்குறவங்க நாளைக்கு இதைத்தான் கேப்பாங்க, நாம முன்னாடியே தயாரா இருப்போம்" என்று சொன்னால் தாங்களாகவே எடுத்துச் சொல்வார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், கையெழுத்துப் போட வேண்டிய அத்தனை பேரும் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்குங்கள். வர முடியாதவரை வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்திர நகல்களை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு அன்றைக்குப் போங்கள்.