பழைய போனை அழிப்பதற்கு முன்: ஆன்ட்ராய்டு போன் மாற்றும் முழு வரிசை

புதுப் போனை இயக்குவதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. திரை கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனால் முகப்புப் பக்கம் வந்துவிடும். சிக்கல் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். பழைய போனை ரீசெட் செய்து யாருக்காவது கொடுத்திருப்போம். அதற்குப் பிறகு ஒரு கணக்கில் நுழையப் போனால் ஆறு இலக்கக் குறியீடு கேட்கும். அது பழைய போனில் இருந்தது. வாட்ஸ்அப்பில் முக்கியமான உரையாடல் ஒன்றைத் தேடினால் இருக்காது. வீட்டிலும் நண்பர்களிடையேயும் பலருக்குப் போன் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். போய்விட்டது என்று வந்து சொன்னவற்றில் ஏறக்குறைய எல்லாமே, பழைய போன் இன்னும் கொஞ்ச நாள் கையில் இருந்திருந்தால் மீட்டிருக்கக்கூடியவை.

அதனால் பழைய போனை மையமாக வைத்தே இதை எழுதுகிறேன். ஆன்ட்ராய்டிலிருந்து ஆன்ட்ராய்டுக்கு மாறுபவர்களுக்கானது. மெனுக்களின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். தேடுவது கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டுங்கள். மெனுவுக்குள் அலைவதைவிட அதுதான் விரைவு.

படி 1: பழைய போனைத் தயார் செய்தல்

முதலில் தொடர்பு எண்கள். எல்லாம் கூகுளில் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். எண்ணைச் சேமிக்கும்போது 'சிம்', 'போன்', 'கூகுள் கணக்கு' என மூன்று இடங்களில் ஒன்றில்தான் அது போய் உட்காரும். சில எண்களைத் திறந்து எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். சிம்மிலோ போனிலோ இருந்தால், கூகுள் கான்டாக்ட்ஸ் செயலியை நிறுவி, சிம்மில் உள்ளவற்றை இறக்குமதி செய்து, போனில் உள்ளவற்றைக் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

அடுத்து செட்டிங்ஸ் > கூகுள் > பேக்கப் போய் 'பேக்கப் நவ்' அழுத்துங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் பொதுவானது. 2024 முதல் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கிலேயே சேர்கிறது. இடம் நிரம்பியிருந்தால் பேக்கப் பாதியில் நின்றிருக்கும். கடைசி பேக்கப் எந்தத் தேதியில் நடந்தது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பழைய போனின் பூட்டு எண் உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஆன்ட்ராய்டு 9 முதல், செயலிகளின் தரவு பேக்கப் அந்தத் திரைப்பூட்டை வைத்துத்தான் பூட்டப்படுகிறது. புதுப் போனில் மீட்கும்போது 'பழைய சாதனத்தின் பின்' என்று கேட்பது இதனால்தான். நெடுநாளாக விரல்ரேகையால் மட்டுமே திறந்துவந்தவர்கள் இந்த இடத்தில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போதே ஒருமுறை எண்ணை அழுத்தித் திறந்து பாருங்கள். போனை விற்கப்போகிறோம் என்று பூட்டை முன்கூட்டியே எடுத்துவிடவும் வேண்டாம்.

கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு, அதன் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் மூன்றும் சரியாக உள்ளனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 2: கேபிள் போட்டு மாற்றுதல்

வைஃபை வழியாகவும் மாற்றலாம், கேபிள் வழியாகவும் மாற்றலாம். நான் எப்போதும் கேபிள் பக்கம்தான். வேகம் கூடுதல், நடுவில் அறுந்துபோவதும் குறைவு. புதுப் போன் முதல் திரைகளில் 'செயலிகளையும் தரவையும் நகலெடுக்கவா' என்று கேட்கும்போது பழைய போனை இணையுங்கள்.

இணைத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சில கேபிள்களில் சார்ஜ் செய்யும் கம்பிகள் மட்டுமே இருக்கும்; தரவு போகும் கம்பி இருக்காது. சார்ஜ் ஏறுகிறதே என்று அதையே பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் போராட வேண்டாம், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

அவசரத்தில் 'ஸ்கிப்' அழுத்திவிட்டால் கவலை வேண்டாம். புதுப் போனில் இன்னும் எதுவும் சேரவில்லை. அதை ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்கலாம். கைவைக்கக் கூடாதது பழையது மட்டும்தான்.

பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவிய செயலிகள் பெரும்பாலும் வராது. வங்கிச் செயலிகள் வரும், ஆனால் உள்ளே நுழைய முடியாது. புதுப் போனில் சிம்மைப் போட்டு, பதிவை மறுபடி செய்ய வேண்டும். பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

(பின்னர் சேர்த்தது: இ-சிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) வைத்திருப்பவர்கள் கேட்டார்கள். அட்டை சிம்மைப் போல அதைக் கழற்றி மாட்ட முடியாது. சில போன்கள் நேரடியாக மாற்றிக்கொள்ளும். இல்லையென்றால் உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் புதிதாக கியூஆர் குறியீடு பெற வேண்டும். அதற்கான ஓடிபி பழைய போனுக்கே வரலாம் என்பதால் இங்கும் பழைய போன் உயிரோடு இருக்க வேண்டும். ரீசெட் செய்யும்போது 'இ-சிம்மையும் அழிக்கவா' என்று கேட்டால், புதுப் போனில் எண் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் ஆம் சொல்ல வேண்டும்.)

படி 3: வாட்ஸ்அப்

இரண்டு வழி உண்டு. ஒன்று, கூகுள் டிரைவில் பேக்கப் எடுத்து மீட்பது. இன்னொன்று, 2023இல் வந்த நேரடி மாற்றம். இரண்டு போனும் பக்கத்தில் இருக்கும்போது இரண்டாவதையே செய்யுங்கள். டிரைவில் இடம் தேவையில்லை.

பழைய போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸ் > சாட்ஸ் > டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் > ஸ்டார்ட். புதுப் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து அதே எண்ணால் பதிவு செய்து, மாற்றத்தைத் தொடங்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதுப் போனில் கியூஆர் குறியீடு தோன்றும். அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டிலும் வைஃபையும் லொகேஷனும் இயங்கட்டும்.

டிரைவ் வழியில் போகிறவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். அதே தொலைபேசி எண், அதே கூகுள் கணக்கு இரண்டும் இல்லாவிட்டால் பேக்கப் கண்ணுக்கே தெரியாது. 'ரீஸ்டோர்' கேட்பது பதிவின்போது மட்டும்தான்; அதைத் தாண்டிவிட்டால் செயலியை நீக்கி மறுபடி நிறுவ வேண்டும். மூன்றாவது, 2021இல் வந்த முழுமறையாக்க பேக்கப், அதாவது உங்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்படும் பேக்கப். அதை இயக்கி பாஸ்வேர்டு வைத்தவர்கள் அந்த பாஸ்வேர்டை மறந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. பழைய போனில் செயலி திறந்திருக்கும்வரை அந்த பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வாட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்புக்கான (பதிவின்போது ஓடிபியோடு நீங்கள் வைத்த எண்ணையும் கேட்கும் பாதுகாப்பு) ஆறு இலக்க பின் மறந்து, மீட்பு மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். இதையும் பழைய போனிலேயே முன்கூட்டி மாற்றிவிடலாம்.

படி 4: ஆத்தென்டிகேட்டர் குறியீடுகள்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நான் முதன்முதலில் போன் மாற்றியபோது நின்றுபோனதும் இங்கேதான். ஆத்தென்டிகேட்டர், அதாவது கணக்கில் நுழையும்போது கேட்கும் ஆறு இலக்கக் குறியீட்டைக் காட்டும் செயலி, புதுப் போனுக்கு வந்துவிட்டது, திறந்தால் உள்ளே காலி. பழைய போன் அப்போது அழியாமல் இருந்ததால் எல்லாம் திரும்பக் கிடைத்தது.

ஏன் வருவதில்லை? ஆத்தென்டிகேட்டர் காட்டும் ஆறு இலக்கம் எங்கிருந்தோ அனுப்பப்படுவதில்லை. நீங்கள் முதல்நாள் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தபோது ஒரு ரகசியச் சாவி உங்கள் போனுக்குள் பதிந்தது. அந்தச் சாவியையும் அந்த நொடியின் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 வினாடிக்கு ஒருமுறை புதிய எண்ணைப் போனே உருவாக்குகிறது. அதனால்தான் இணையம் இல்லாமலும் அது வேலை செய்கிறது. சிம்மை மாற்றிப் போட்டு இதைக் கொண்டுவர முடியாது. சாவி பழைய போனில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 முதல் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி உண்டு. செயலியின் மேற்பகுதியில் மேகச் சின்னம் பச்சையாக இருந்தால் ஒத்திசைவு நடக்கிறது. புதுப் போனில் அதே கணக்கில் நுழைந்தால் குறியீடுகள் வந்துவிடும். இல்லையென்றால் மெனுவில் 'டிரான்ஸ்ஃபர் அக்கவுன்ட்ஸ்' > 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள். பழைய போனில் ஒரு கியூஆர் குறியீடு வரும், புதுப் போனில் 'இம்போர்ட்' கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். கணக்குகள் நிறைய இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகள் அடுத்தடுத்து வரும், முதலாவதோடு நிறுத்திவிடாதீர்கள்.

வேறு செயலி பயன்படுத்துபவர்கள் அதில் பேக்கப் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுற்றுவழிதான்: ஒவ்வொரு தளத்திலும் பழைய போனின் குறியீட்டைக் கொடுத்து நுழைந்து, இரட்டைச் சரிபார்ப்பை அணைத்து, மறுபடி இயக்கி, புதிய கியூஆரைப் புதுப் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். நேரம் எடுக்கும், ஆனால் பழைய போன் கையில் இருக்கும்போது மட்டுமே இது எளிய வேலை.

மாற்றியாயிற்று என்று நினைத்ததும் இரண்டு போனையும் அருகருகே வையுங்கள். ஒரே கணக்குக்கு இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். மாறிக் காட்டினால், அல்லது தளம் எண்ணை ஏற்காவிட்டால், செட்டிங்ஸில் தேதியும் நேரமும் தானியங்கியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடிகாரம் கொஞ்சம் பிசகினாலும் கணக்கு தப்பிவிடும். பிறகு புதுப் போனின் எண்ணைக் கொண்டு ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை உண்மையிலேயே நுழைந்து பாருங்கள்.

இதோடு இன்னொரு வேலை. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'பேக்கப் கோட்ஸ்' எடுக்கலாம். 8 இலக்கத்தில் 10 எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு மட்டும். தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போனிலேயே படமெடுத்து வைத்தால் போன் தொலையும் அன்று அதுவும் சேர்ந்து போகும்.

படி 5: அப்டேட்

அப்டேட் மூன்று இடங்களில் இருக்கிறது, பலர் ஒன்றை மட்டும் பார்க்கிறார்கள். முதலாவது 'சிஸ்டம் அப்டேட்'. இரண்டாவது, ஆன்ட்ராய்டு 10 முதல் தனியாக வரும் 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்'. இது பெரும்பாலும் பாதுகாப்புப் பிரிவுக்குள் ஒளிந்திருக்கும். மூன்றாவது, பிளே ஸ்டோரில் செயலிகளின் அப்டேட்.

மூன்றாவதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு 2021 மார்ச்சில் நடந்தது நல்ல உதாரணம். 'ஆன்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற துணைச் செயலியின் பழுதான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடனே மூடிக்கொண்டன. போன் கெட்டுவிட்டது என்று ரீசெட் செய்தவர்கள் உண்டு. தீர்வு வெப்வியூவையும் குரோமையும் பிளே ஸ்டோரில் அப்டேட் செய்வதாக இருந்தது. பல செயலிகள் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் இன்றும் நான் முதலில் பார்ப்பது இவை இரண்டையும்தான்.

சிஸ்டம் அப்டேட்டுக்கு முன் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், சில ஜிபி இடமும் காலியாக இருக்கட்டும். நடுவில் அணைக்க வேண்டாம்.

படி 6: முதல் சில நாள்

புதுப் போன் சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்று உடனே திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். படங்களை வரிசைப்படுத்துவது, செயலிகளை இறக்குவது எல்லாம் பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். சில நாளில் அடங்கும். அடங்காவிட்டால் 'சேஃப் மோட்' போட்டுப் பாருங்கள்: பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் கேட்கும். அந்த நிலையில் நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் ஓடாது. அங்கே சரியாக இருந்தால் குற்றவாளி ஏதோ ஒரு செயலி.

தகவல் வந்தும் ஒலி வரவில்லை, திறந்தால்தான் தெரிகிறது என்றால், அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பில் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' கொடுங்கள். செயலி அடம் பிடித்தால் 'கிளியர் கேஷ்' தாராளமாகச் செய்யலாம். பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் ஸ்டோரேஜ்' வேறு. அது செயலிக்குள் போனில் மட்டும் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். ஆத்தென்டிகேட்டரில் அதைத் தொடவே வேண்டாம்.

போனை வேகமாக்கும், சுத்தம் செய்யும் என்று விளம்பரம் வரும் செயலிகள் எதுவும் தேவையில்லை. என் போனில் ஒன்றுகூட வைத்துக்கொள்வதில்லை.

படி 7: இப்போது பழையதை அழிக்கலாம்

ரீசெட் பொத்தானை நேரே அழுத்தக் கூடாது. முதலில் செட்டிங்ஸ் > அக்கவுன்ட்ஸ் போய்க் கூகுள் கணக்கை நீக்குங்கள். போன் நிறுவனத்தின் சொந்தக் கணக்கு ஏதாவது போட்டிருந்தால் அதையும் நீக்குங்கள். ஆன்ட்ராய்டு 5.1 முதல் திருட்டுக்கு எதிரான ஒரு பூட்டு இருக்கிறது. கணக்கு உள்ளே இருக்கும்போது பொத்தான்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால், அடுத்து திறப்பவரிடம் பழைய கணக்கின் விவரத்தைக் கேட்கும். வாங்கியவரால் அந்தப் போனைப் பயன்படுத்தவே முடியாது. கணக்கின் பாஸ்வேர்டை அண்மையில் மாற்றியிருந்தால் 24 மணி நேரம் கழித்து ரீசெட் செய்யும்படி கூகுளே சொல்கிறது.

மெமரி கார்டு இருந்தால் கழற்றிவிடுங்கள். (இதுவும் பின்னர் சேர்த்தது: கார்டைப் போனின் உள்நினைவகமாக மாற்றி வைத்திருந்தால், அது அந்தப் போனில் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். ரீசெட் செய்துவிட்டால் கார்டில் உள்ளதைப் பிறகு எதிலும் திறக்க முடியாது. ரீசெட்டுக்கு முன் படங்களை வெளியே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.)

பிறகு செட்டிங்ஸ் வழியாக 'ஃபேக்டரி ரீசெட்' கொடுங்கள். முடிந்ததும் ஒருமுறை இயக்கி, வைஃபையில் இணைத்து, இரண்டு மூன்று திரைகள் முன்னே போய்ப் பாருங்கள். முன்பு இருந்த கணக்கைக் கேட்காமல், புதிய கணக்கைச் சேர்க்கச் சொன்னால் அந்தப் போனைக் கொடுத்துவிடலாம். கேட்டால், இப்போதே உங்கள் கணக்கைக் கொடுத்து உள்ளே போய், அதை நீக்கி, மறுபடி செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்யுங்கள்.