ஓங்கில் வலையில் மாட்டாமல் இருக்க: அடிக்கடி நடக்கும் தவறுகள்

நம் கரையில் ஓங்கில் என்று சொல்கிற டால்பின் வலையில் மாட்டினால் மீனவருக்குப் பெரிதாக லாபம் ஒன்றுமில்லை. வலை கிழியும், அன்றைய பாடு கெடும், சட்டச் சிக்கல் வேறு. ஆனாலும் இந்தியப் பெருங்கடலில் சூரைக்கு (டூனா) விரிக்கும் செவுள் வலைகளில் (மீனின் செவுள் கண்ணியில் மாட்டும் வலை) மட்டும், 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் டால்பின்களும் சிறு திமிங்கிலங்களும் மாட்டியிருக்கும் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தடுக்க வழி இல்லாமல் இல்லை. நன்றாகவே வேலை செய்த வழிகள் உண்டு. அவற்றை அரைகுறையாகச் செய்வதில்தான் பெரும்பாலும் கோளாறு.

முதலில் ஒரு தவறான நினைப்பு. டால்பின் ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி பார்க்கிற பிராணி. வலையைக் கண்டுகொண்டு விலகிப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். நைலான் நரம்பால் பின்னிய தங்கூசி வலையின் இழை மெல்லியது. அதில் பட்டுத் திரும்பும் எதிரொலி மிகவும் சன்னமாக இருக்கும், நெருங்கி வந்த பிறகுதான் கேட்கும். போதாக்குறைக்கு, டால்பின் எந்நேரமும் ஒலி அனுப்பிக்கொண்டே நீந்துவதில்லை. மீனைத் துரத்தும்போது அதன் கவனமெல்லாம் மீன்மேல்தான். வலையில் ஏற்கெனவே மாட்டிய மீனைப் பிடுங்க வந்தும் சிக்கிக்கொள்கிறது. மேலே வந்து மூச்சு வாங்க முடியாவிட்டால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். ராத்திரி முழுக்க வலையை மிதக்கவிட்டு விடியலில் இழுக்கிற தொழிலில், ‘மாட்டினால் விட்டுவிடுவோம்’ என்ற பேச்சுக்கு அர்த்தம் குறைவு. இழுக்கும்போது அதற்கு உயிர் இருக்காது.

அப்புறம் பிங்கர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பணமும் நம்பிக்கையும் அதிகம் வீணாவது இங்கேதான். வலையின் மேல்கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டும் சிறு கருவி இது. தண்ணீருக்குள் சில விநாடிக்கு ஒரு முறை கீச்சென்று ஒலி எழுப்பும். 1990களில் அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் ஒரு சோதனை நடந்தது. பாதி வலைகளில் ஒலிக்கிற பிங்கர், மீதியில் ஒலிக்காத போலிக் கருவி. போலி கட்டியவற்றில் 25 கடற்பன்றிகள் (டால்பினுக்கு உறவான சிறு பிராணி) மாட்டின, ஒலித்தவற்றில் 2 மட்டுமே. இந்த முடிவைப் பார்த்து அந்தக் கரையில் பிங்கரைக் கட்டாயமாக்கினார்கள்.

பிறகுதான் வேடிக்கை. சில படகுகள் தேவையான எண்ணிக்கையில் பாதியைக் கட்டின, சிலவற்றில் பேட்டரி தீர்ந்து கிடந்தது. கண்காணிப்பாளர்களின் பதிவுகளைப் பின்னால் அலசியபோது, பிங்கர் குறைவாக இருந்த வலைகளில், பிங்கரே இல்லாத வலைகளைவிட அதிகமாகக் கடற்பன்றி மாட்டியிருந்தது தெரிந்தது. சத்தம் இல்லாத இடைவெளியை வாசல் என்று நினைத்து நுழைந்திருக்கலாம். கலிஃபோர்னியா செவுள் வலைகளிலும் இதே பாடம்தான்: ஒரு பிங்கராவது பழுதான பாடுகளில் (வலை போட்ட தடவைகளில்), எல்லாம் சரியாக இருந்த பாடுகளைவிடச் சுமார் 10 மடங்கு அதிகமாக டால்பின், திமிங்கில வகைகள் சிக்கின. அதனால் பத்து வேண்டிய வலைக்கு ஆறு வாங்கிக் கட்டினால் அறுபது சதவீதப் பலன் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். கடலுக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் நனைத்துச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பதும், கையிருப்பில் இரண்டு மூன்று வைத்திருப்பதும், கருவியை வாங்குவதைப் போலவே முக்கியம்.

ஒரு கடலில் பலித்தது எல்லாக் கடலிலும் பலிக்கும் என்று நினைப்பது இதன் கிளைத் தவறு. மெய்னின் கடற்பன்றி கூச்ச சுபாவி. சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடும். எல்லா இனமும் அப்படியல்ல. அர்ஜென்டினாவில் பிங்கர் கட்டியதும் பிரான்சிஸ்கானா என்ற டால்பின் சிக்குவது குறைந்தது, ஆனால் கடற்சிங்கங்கள் அந்தச் சத்தத்தைச் சாப்பாட்டு மணியாக எடுத்துக்கொண்டு வலையிலிருந்த மீனை மேய ஆரம்பித்துவிட்டன. ஊர்ப் படகுகள் எல்லாவற்றுக்கும் மொத்தமாக வாங்குமுன், நம் கடலில், நம் இனங்களிடம் ஒரு பருவமாவது சோதித்துப் பார்ப்பது நல்லது.

கருவியை மட்டுமே யோசித்து, வலை விரிக்கிற முறையைத் தொடாமல் விடுகிறார்கள். பாகிஸ்தானின் சூரைப் படகுகளில் வலையின் மேல்விளிம்பை நீர்மட்டத்திலிருந்து சுமார் 2 மீட்டர் கீழே இறக்கிப் பார்த்தார்கள். மேலே கிடைத்த இடைவெளியில் டால்பின்கள் கடந்து போயிருக்கலாம். சிக்குவது நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்தது, மீன்பாட்டில் சிறிதுதான் குறைவு. மிதவைக் கயிற்றை நீளமாக்குவதைத் தவிர இதில் பெரிய செலவில்லை. என்னைக் கேட்டால், பிங்கரைப் பற்றிப் பேசுமுன் இதைத்தான் முதலில் முயல வேண்டும்.

மறைப்பது இன்னொரு தவறு. இந்தியாவில் எல்லா டால்பின் இனங்களுக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இடம். அந்தப் பயத்தில் செத்ததைச் சத்தமில்லாமல் கடலில் தள்ளிவிடுகிறார்கள். எங்கே, எந்த மாதம், எந்த ஆழத்தில் மாட்டுகிறது என்ற கணக்கே இல்லாமல் போகிறது. இதில் மீனவரைவிட, சொன்னவரையே குற்றவாளியாக நிறுத்தும் அதிகாரிகள்மேல்தான் எனக்கு வருத்தம். இப்போது இது வியாபாரத்தையும் தொடுகிறது. கடல் பாலூட்டிகளைக் காப்பதில் தன் தரத்துக்கு ஈடான ஏற்பாடு இல்லாத மீன்பிடிப்புகளின் மீனை வாங்குவதில்லை என்று 2016இல் அமெரிக்கா போட்ட விதி, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

கணக்கு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கிழக்குப் பசிபிக்கைப் பார்க்கலாம். அங்கே சூரைக் கூட்டம் டால்பின் கூட்டத்துக்கு அடியில் நீந்தும். அதனால் டால்பினைச் சுற்றியே சுருக்குமடி போட்டார்கள். 1986இல் ஒரே ஆண்டில் சுமார் 1,33,000 டால்பின்கள் செத்தன. அப்புறம் பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் கண்காணிப்பாளர், கப்பலுக்கு இத்தனைதான் என்று ஆண்டு வரம்பு, கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தி மடியின் ஒரு முனையை அமிழ்த்தி டால்பினை வெளியே விடும் பழைய உத்தியை ஒழுங்காகச் செய்வது எல்லாம் சேர்ந்து, இப்போது ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் டால்பினை விட்டு, மீன் வந்து கூடும் மிதக்கும் கட்டைகளைச் சுற்றி மடி போட்ட கப்பல்களுக்குக் குஞ்சுச் சூரையும் சுறாவும் ஆமையும் குவிந்தன. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றின் தலையில் கைவைத்த கதை.

வெறும் தடையும் உதவாது. மெக்சிகோவின் வாகிட்டா என்ற சிறு கடற்பன்றிக்காகச் செவுள் வலையை 2015இல் தற்காலிகமாகவும் 2017இல் நிரந்தரமாகவும் தடை செய்தார்கள். அதே வலையில் பிடிக்கும் டொட்டோவாபா மீனின் பள்ளைக்குக் (காற்றுப்பைக்குக்) கிடைக்கும் கள்ளச்சந்தைப் பணம் தடையை வென்றது. இன்று பத்து வாகிட்டா மிஞ்சியிருந்தால் அதிகம்.

கடைசியாக, உயிரோடு இருப்பதைக் கையாள்வது. வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், தூக்காதீர்கள், முதுகெலும்பு போய்விடும். கொக்கி போடக்கூடாது. மூச்சுத் துளை தலையின் உச்சியில் இருக்கிறது. அதை நீருக்கு மேலே வைத்து, அதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் இன்ஜினை நியூட்ரலில் போடுங்கள். டால்பினின் பக்கத் துடுப்பை முறுக்காமல் வலையை வெட்டுங்கள். ஒரு துண்டு கண்ணிகூட உடம்பில் சுற்றியிருக்க விடாதீர்கள். பிறகு அதுவே அறுத்துக் கொல்லும்.

வலை போனால் யார் தருவது என்ற கேள்வி நியாயமானது. மகாராஷ்டிர அரசு 2018 இறுதியிலிருந்து, பாதுகாக்கப்பட்ட உயிர்களை விடுவிக்க வலையை வெட்டுகிறவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறது. மற்ற கடலோர மாநிலங்களில் கேட்டு வாங்க இது நல்ல முன்னுதாரணம். ஆனால் அங்கே புகைப்படமோ வீடியோவோ காட்டித்தான் பணம் வாங்க வேண்டும். அதனால் கத்தியை எடுக்குமுன் படகில் ஒருவர் போனை எடுக்கட்டும்.