ஹேர் டிரையர் வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள்

ஹேர் டிரையர் பெட்டியில் முதலில் கண்ணில் படுவது வாட்ஸ் எண்தான். வீட்டு உபயோகத்துக்கு 1200 முதல் 1800 வாட்ஸ் வரை தாராளம். மெல்லிய முடிக்குக் குறைவானதே போதும், அடர்த்தியான நீள முடி என்றால் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கலாம்.

சரி, நான் முதலில் பார்ப்பது வேறு: சூட்டுக்கும் காற்று வேகத்துக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறதா? இரண்டும் ஒரே சுவிட்சில் என்றால், வேகத்தைக் கூட்டும்போது சூடும் சேர்ந்து ஏறிவிடும். முடி பொசுங்குவது அப்படித்தான். குளிர்காற்றுப் பொத்தானும் இருக்கட்டும். கடைசியில் அரை நிமிடம் அதை அடித்தால் சீவிய வடிவம் கலையாமல் நிற்கும்.

அப்புறம், கையில் தூக்கிப் பாருங்கள். வாங்கும்போது லேசாகத் தெரிவது, தலைக்கு மேல் பத்து நிமிடம் பிடித்தால் தோளைப் பதம் பார்த்துவிடும். அரை கிலோ அளவில் இருந்தால் நல்லது. சுருட்டை முடிக்காரர்கள், காற்றைப் பரவலாக்கித் தரும் கிண்ணம் போன்ற முனையான டிஃப்யூசர் கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, பின்பக்க வலை. அது கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அங்கே தூசியும் முடியும் அடைத்தால் காற்று குறைந்து மோட்டார் சூடேறும். மாதம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்துத் தட்டிவிட்டால் போதும்.