சாலையோரக் களை: பார்த்துப் பார்த்தும் நாம் செய்கிற தவறுகள்

போன ஐப்பசியில் ஒரு சாலை அகலப்படுத்தும் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த சைட் இன்ஜினியர் தம்பி ஒரு மண் குவியலைக் காட்டி, "மேல்மண் சார், வீணாக்காம சேர்த்து வச்சிருக்கோம்" என்றார். குரலில் அவ்வளவு பெருமை. குவியல் முழுக்க கேரட் தழை போல இளம்பச்சையாகப் பார்த்தீனியக் களை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு குவியல் முன்னால், இதே பெருமையோடு நின்றவன் நான்.

கையுறை போடுங்கள், வேரோடு பிடுங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

மேல்மண்ணை அப்படியே திருப்பிப் போடுவது

விதி நல்ல விதிதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பில், சாலைக்கான மண் கரை எழும்பும் இடத்து மேல்மண்ணை 150 மில்லிமீட்டருக்கு மிகாமல் சுரண்டி, 2 மீட்டருக்கு மேல் உயராத குவியலாக வைத்திருந்து, பிறகு கரைச் சரிவில் பரப்புவது பற்றி இருக்கிறது. அந்த மண்ணில் புல் சீக்கிரம் பிடிக்கும், மழைக்குச் சரிவு அரிக்காது. ஆனால் புல்லுக்கு இடம் கொடுக்கிற மண்ணில்தான் பார்த்தீனியம் விதையும் படுத்திருக்கிறது. சுரண்டுவதற்கு முன் அங்கே என்ன முளைத்திருந்தது என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தப் பதினான்கு வருடத்துக்கு முந்தைய வேலையில் நான் போய்ப் பார்த்தது சித்திரை வெயிலில். தர்மபுரி பக்கம். நிலம் மொட்டையாகக் கிடந்தது. "மண்ணு சுத்தமா இருக்கு, எடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோடையில் பார்த்தீனியம் காய்ந்து உதிர்ந்திருக்கும். விதை மட்டும் மண்ணில் காத்திருக்கும். நன்றாக வளர்ந்த ஒரே செடி பதினைந்தாயிரம் விதை வரை விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆவணியில் மழை விழுந்ததும் குவியல் பச்சை கட்டியது. நான்கைந்து வாரத்தில் பூத்தது. பூத்த குவியலைத்தான் டிப்பரில் அள்ளிக்கொண்டு போய், ஆறு கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் பரப்பினோம்.

அடுத்த மழைக்குச் சரிவு மூடிக்கொண்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரி வண்டியிலிருந்து இறங்காமலே, "ஸ்லோப்பு நல்லா பச்சை புடிச்சிருக்கே" என்றார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வெள்ளைப் பூ வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை முடிந்தும் பராமரிப்புப் பொறுப்பு எங்கள் தலையில் இருந்த காலம் முழுவதும், மழைக்கு மழை ஆள் விட்டுப் பிடுங்கினோம். ஒப்பந்தத்தில் அதற்கு ஐட்டமே கிடையாது. எந்தப் பில்லிலும் ஏற்ற முடியாத கூலி. களையெடுக்க வந்த ஒரு அம்மாவுக்கு இரண்டாம் நாளே கண் இமை வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துப்போனது. இன்னொரு பெரியவருக்கு மூச்சிழுப்பு வந்து, வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். பக்கவாட்டு வடிகாலில் ஓடின தண்ணீர் விதையைப் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் கொல்லைக்காரர் சாலைக்கு நிலம் கொடுத்தவர். "நாங்க எடம் குடுத்தோம். நீங்க இதக் குடுத்துட்டுப் போறீங்களா?" என்றார். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இதில் இன்னும் எனக்கு ஆத்திரம் ஆறாதது ஒன்றுதான். குவியல் பச்சை கட்டியதற்கும் பூத்ததற்கும் நடுவில் முழுசாக ஒரு மாதம் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் ஜீப்பில் போனேன். இளஞ்செடியாக இருந்தபோது இரண்டு ஆள், இரண்டு நாள் வேலை அது.

சரி, என்ன செய்ய வேண்டும்? சுரண்டுகிற நிலத்தை மழைக்காலத்தில் ஒரு முறை நடந்து பாருங்கள். வெயில் காலத்தில்தான் போக முடிந்தது என்றால் மாடு மேய்ப்பவரைக் கேளுங்கள். மாடு வாய் வைக்காத செடி எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். களை இருக்கிற நீளத்தைச் செயினேஜ் (சாலை தொடங்கும் இடத்திலிருந்து தூரக் கணக்கு) போட்டு எழுதி, அந்த மண்ணைத் தனியாகக் குவியுங்கள். மழை பெய்து முளைக்கட்டும். பூக்கும் முன் மண்வெட்டியால் செத்திப் போட்டு, குவியலைக் கிளறிவிட்டு, மறுபடி முளைக்க விட்டுச் செத்துங்கள். இரண்டு மூன்று சுற்றில் மேலே கிடக்கிற விதை பெருமளவு தீரும். அதற்கு அவகாசம் இல்லை என்றால் அந்த மண்ணைச் சரிவுக்குக் கொண்டு வராதீர்கள். மண் எடுத்த பள்ளத்தின் அடியில் கொட்டி, மேலே அரை மீட்டர் சுத்தமான மண் போட்டு மூடிவிடுங்கள். ஆழத்தில் இருக்கிற பார்த்தீனியம் விதை முளைத்து மேலே வராது. ஆனால் பல வருடம் உயிரோடு கிடக்கும். அந்த இடத்தை மறுபடி தோண்டவிடக் கூடாது.

சாலைப் புருவத்துக்கு, அதாவது தாருக்கு இரண்டு பக்கமும் இருக்கிற மண் ஓரத்துக்கு, கிராவல் வாங்கும்போதும் இதே கதைதான். லோடு விலையைப் பேசுவதற்கு முன் குவாரி ஓரத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

கருவேலத்தைத் தரையோடு வெட்டுவது

சீமைக் கருவேலத்தைத் தரை மட்டத்துக்கு அறுத்துவிட்டு, எம்-புக்கில் (வேலை அளவுகளைப் பதிகிற புத்தகம்) "மரம் அகற்றப்பட்டது" என்று எழுதிவிடுகிறோம். மரத்துக்கு அது தெரியாது. தூரின் கழுத்தில் மொட்டு இருக்கிறது. ஒற்றைத் தண்டாக நின்றது அடுத்த வருடம் பத்துத் தண்டாக, முள்ளோடு, சாலைப் பக்கமே சாயும். வளைவில் எதிரே வருகிற வண்டி தெரியாது. தூரை மண்ணுக்குள் ஒரு அடி வரையாவது தோண்டி எடுத்து, குழியை மூடி இறுக்க வேண்டும். சாலை உடலுக்குள் விழுகிற தூர் என்றால் கேட்கவே வேண்டாம்: சப்கிரேடின் (மேலே வருகிற ஜல்லி, தார் அடுக்குகளைத் தாங்குகிற மண் அடுக்கு) அடியிலிருந்து 500 மில்லிமீட்டருக்குள் தூர் எதுவும் இருக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி.

இராமநாதபுரம், விருதுநகர் பக்கம் வேலை என்றால் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். தூருக்கும் அவர்களிடம் மதிப்பு உண்டு. காய் நெற்றோடு இருக்கிற கிளையை மட்டும் சாலையோரம் போட்டு வைக்காதீர்கள். ஆடு மாடு தின்னும். சாணத்திலும் புழுக்கையிலும் விதை ஊர் முழுக்கப் போகும்.

கழுவாத ஜேசிபி

டயரிலும், பொக்லைன் செயினிலும், பக்கெட்டிலும் ஒட்டின மண்ணோடு அடுத்த சைட்டுக்கு அனுப்பாதீர்கள். தண்ணி லாரி பக்கத்திலேயேதான் நிற்கிறது.

பூத்த பிறகு வெட்டுவது

அது வெட்டுவது இல்லை, விதைப்பது. பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால்தான் நமக்குப் புருவம் ஞாபகம் வருகிறது. மழை தொடங்கி மூன்றாம் வாரம் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

தீ வைப்பது

வேண்டாம்.

உப்புக் கரைசலை எங்கும் அடிப்பது

லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். தரிசு நிலத்துப் பார்த்தீனியத்துக்கு இது வேலை செய்யும். கரைச் சரிவில் அடித்தால் நீங்கள் பிடிக்க வைத்த அருகம்புல்லும் கருகும். சிறுபாலத்துப் பக்கம் அடிக்காதீர்கள். உப்பும் கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியும் ஒத்துப்போகாது.

மஞ்சள் பூ என்று நடுவதும், மஞ்சள் பூ என்று வெட்டுவதும்

அழகுக்கு நட்ட மரம் எங்கே போய் முடியும் என்பதற்கு முதுமலைப் பக்கம் போய்ப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ், பூக்கும்போது கண்ணைப் பறிக்கும். காட்டுக்குள் பரவி, வெட்டினால் மறுபடி துளிர்த்து, கடைசியில் காகிதக் கூழுக்காக வெட்டி எடுக்கத் தமிழ்நாடு காகித ஆலையை இறக்க வேண்டி வந்தது. நாற்றுப் பண்ணையில் "மஞ்சக்கொன்றை" என்று எதையாவது கொடுத்தால், அது நம்முடைய சரக்கொன்றைதானா என்று பூவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சரக்கொன்றைப் பூ சரமாகத் தொங்கும். மற்றது நிமிர்ந்து நிற்கும்.

மறுபக்கம், கிளியரிங் என்று ஜேசிபியை இறக்கினால் அது ஆவாரையையும் தகரையையும் சேர்த்து வழித்துவிடுகிறது. இரண்டும் நம் மண்ணோடு பழகியவை. தகரை அடர்ந்து நிற்கிற இடத்தில் பார்த்தீனியம் தலை தூக்கத் திணறும். அதை வழித்துப் போட்டு வெறும் மண்ணாக்கினால் முதலில் குடியேறுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை. அந்தத் தர்மபுரி சைட்டில் ஒரு பாட்டி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, "பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவுக்கு எங்கய்யா போறது, நான் வெட்ட மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த ஐம்பது அடியை மட்டும் விட்டுவைத்தோம். ஆறு கிலோமீட்டரில் நான் களையெடுக்க ஆள் அனுப்பாத இடம் அது ஒன்றுதான். இப்போதெல்லாம் ஜேசிபி வருவதற்கு முதல் நாளே ஆவாரைக்குச் சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன்.