லைன் எடிட் பெட்டியில் பெயரும் ஐசி நம்பரும் வாங்குவது எப்படி

போன தைப்பூசத்துக்கு முன்னால் எங்கள் தண்ணீர்ப் பந்தல் குழுவுக்கு ஒரு சின்னப் பதிவு நிரல் எழுதிக் கொடுத்தேன். பினாங்குக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலை வரை ரதம் போகும் வழி நெடுகப் பந்தல்தான். பந்தலுக்குத் தொண்டர்கள், தொண்டர்களுக்கு டி-சட்டை, கழுத்தில் பெயரட்டை, சாப்பாட்டுக் கணக்கு என்று வேலை இருக்கும். எங்கள் குழுவில் இத்தனையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் கிடந்தது. "நீதான் கம்ப்யூட்டர் படிச்ச ஆளாச்சே தம்பி" என்றார் தலைவர் அண்ணன். மாட்டிக்கொண்டேன்.

வாங்க வேண்டிய விவரம் நாலுதான்: பெயர், ஐசி (மலேசிய அடையாள அட்டை) நம்பர், கைப்பேசி, அட்டையில் போட ஒரு தமிழ்ப் பெயர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும் என்று நினைத்தேன், மூன்று வாரம் இழுத்தது. ஒரு வரி மட்டும் தட்டும் பெட்டியில் இவ்வளவு இருக்கிறதா என்று அப்போதுதான் தெரிந்தது.

பைத்தானில் 'வணக்கம்' அச்சிடத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படியே எழுதியிருக்கிறேன். டிசைனரைத் திறந்து பார்த்தால் எது எது என்று புரிந்துவிடும்.

எந்தக் கருவி

பைசைட் 6, விண்டோவும் பெட்டியும் பட்டனும் அமைக்க உதவும் பைத்தான் நூலகம். பிப் (நூலகங்களை நிறுவும் கட்டளை) மூலம் நிறுவினால், திரையை மவுசால் இழுத்து அமைக்கும் க்யூட் டிசைனரும் கூடவே வந்துவிடும், தனியாகத் தேட வேண்டாம். (பலர் 'க்யூ-டி' என்கிறார்கள். அதை உருவாக்கியவர்களே 'க்யூட்' என்றுதான் சொல்கிறார்கள்.) இதே வேலைக்கான டிகின்டர் பைத்தானோடு சேர்ந்தே வருமே என்று கேட்பீர்கள். முதலில் நானும் அதில்தான் தொடங்கினேன். அதன் என்ட்ரி பெட்டியில் எத்தனை எழுத்து வரை என்று எல்லை வைக்கக்கூட நாமே தனியாக எழுத வேண்டியிருந்தது. சாம்பல் நிறத்தில் 'இங்கே பெயர்' என்று காட்டும் வசதியும் நான் வைத்திருந்த பதிப்பில் இல்லை. ஒரு வாரம் முட்டிப் பார்த்துவிட்டு மாறினேன்.

படி 1: விண்டோ

டிசைனரைத் திறந்ததும் என்ன வகை விண்டோ என்று கேட்கும். 'டயலாக்' என்று இருப்பதைத் தொடாதீர்கள், 'விட்ஜெட்' என்பதை எடுங்கள். காரணத்தைப் படி 3-இல் சொல்கிறேன். இடப்பக்கப் பட்டியலிலிருந்து லேபிள் நாலு, லைன் எடிட் (ஒரு வரி தட்டும் பெட்டி) நாலு, புஷ் பட்டன் ஒன்று இழுத்துப் போடுங்கள். எல்லாவற்றையும் ஃபார்ம் லேஅவுட்டுக்குள் அடுக்கிவிட்டால் விண்டோவைப் பெரிதாக்கினாலும் பெட்டிகள் ஒழுங்காக நிற்கும்.

பெட்டிகளுக்கு இப்போதே பெயர் மாற்றிவிடுங்கள். லைன் எடிட் 1, லைன் எடிட் 2 என்று விட்டுவைத்தால் அடுத்த வாரம் எது ஐசி, எது கைப்பேசி என்று உங்களுக்கே தெரியாது.

படி 2: தட்டியதை எடுப்பது

பட்டனின் க்ளிக்ட் சிக்னலை (அழுத்தியதும் அது அனுப்பும் அறிவிப்பு) உங்கள் ஃபங்ஷனோடு இணையுங்கள். உள்ளே பெயர்ப் பெட்டியின் டெக்ஸ்ட் மெத்தடை அழைத்தால் உள்ளே இருப்பது வரும். வந்ததும் உடனே ஸ்ட்ரிப் செய்யுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும் பெயர்களில் பாதிக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டே வரும்.

பெட்டியிலிருந்து வருவது எப்போதும் சரம்தான். கைப்பேசி எண்ணையும் ஐசி எண்ணையும் 'எண்தானே' என்று இன்ட் ஆக்கிவிடாதீர்கள். 012-இல் தொடங்கும் கைப்பேசியின் முன் பூஜ்யம் போய்விடும். ஐசியின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி என்பதால் 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஐசி பூஜ்யத்தில்தான் தொடங்கும். எங்கள் பந்தலில் தண்ணீர் ஊற்றுபவர்களில் முக்கால்வாசி அந்தப் பிள்ளைகள்தான். முதல் பட்டியலில் அவர்களுக்கெல்லாம் பத்து, பதினொன்று இலக்கத்தில் ஐசி வந்து நின்றது.

படி 3: என்டர் விசை

என் முதல் வடிவத்தில் விண்டோ, டயலாக் வகை. பதிவு மேசையில் உட்கார்ந்த அக்கா வேகமாகத் தட்டுபவர். பெயரைத் தட்டினார், பழக்கத்தில் என்டர் அழுத்தினார். அவ்வளவுதான், ஐசியும் கைப்பேசியும் இல்லாமல் பெயர் மட்டும் சேமிப்பாகிவிட்டது. அப்படி ஒரு மணி நேரத்தில் இருபத்து மூன்று பேர் அரைகுறையாக உள்ளே போயிருந்தார்கள்.

டயலாக்குக்குள் இருக்கும் புஷ் பட்டனுக்கு ஆட்டோடிஃபால்ட் என்ற குணம் தானாகவே இயங்கும் நிலையில் இருக்கும். எந்தப் பெட்டியில் நின்று என்டர் அழுத்தினாலும் அந்தப் பட்டனை அழுத்தியதாகவே எடுத்துக்கொள்ளும். விட்ஜெட் வகையில் இந்தத் தொல்லை இல்லை. டயலாக்தான் வேண்டுமென்றால் அந்தக் குணத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

என்டர் அழுத்தினால் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும் என்பதுதான் அக்காவின் எதிர்பார்ப்பு, அது நியாயமும்கூட. அதற்குக் கோட் எழுத வேண்டாம். டிசைனரில் எஃப் 4 அழுத்துங்கள். பெயர்ப் பெட்டியிலிருந்து ஐசி பெட்டிக்கு மவுசால் ஒரு கோடு இழுங்கள். வரும் சிறு விண்டோவில் இடப்பக்கம் ரிட்டர்ன்ப்ரெஸ்ட் (என்டர் அழுத்தியதும் வரும் சிக்னல்), வலப்பக்கம் செட்ஃபோகஸ் (கர்சரை அந்தப் பெட்டிக்குக் கொண்டுபோவது). செட்ஃபோகஸ் பட்டியலிலேயே இல்லை என்று பயப்படாதீர்கள், கீழே விட்ஜெட்டிலிருந்து வந்தவற்றையும் காட்டச் சொல்லும் டிக் பெட்டி ஒன்று இருக்கிறது. நான் அதைக் காணாமல் அரை நாள் தேடினேன். முடிந்ததும் எஃப் 3 அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். கண்ட்ரோலும் ஆரும் சேர்த்து அழுத்தினால் முன்னோட்டம்.

படி 4: ஐசி பெட்டி

நான் வழுக்கி விழுந்த இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஐசி ஆறு இலக்கம், கோடு, இரண்டு இலக்கம், கோடு, நாலு இலக்கம். லைன் எடிட்டில் இன்புட்மாஸ்க் என்றொரு குணம் இருக்கிறது, அச்சு மாதிரி. அதில் 000000-00-0000 என்று கொடுத்தால் கோடுகள் தானாக நிற்கும், ஆள் இலக்கத்தை மட்டும் தட்டினால் போதும். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முதல் அடி: யாரோ ஒருவரின் ஐசி ஏழு இலக்கத்தோடு சேமிப்பானது. மாஸ்க்கில் 0 என்றால் 'இங்கே இலக்கம் வரலாம், வராமலும் போகலாம்' என்று பொருள். கட்டாயம் வர வேண்டுமென்றால் 9 போட வேண்டும். 0-வுக்கும் 9-க்கும் இப்படி ஒரு வித்தியாசம் என்று யாருக்குத் தோன்றும்? 999999-99-9999 என்று மாற்றினேன்.

இரண்டாவது அடி: ஐசி பெட்டியில் என்டர் வேலை செய்யவில்லை என்றார் அக்கா. எனக்குச் சரியாக வேலை செய்தது. அவர் தட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் பிடிபட்டது. மாஸ்க் நிரம்பாதவரை ரிட்டர்ன்ப்ரெஸ்ட் சிக்னலே வெளியே வராது. எடிட்டிங்ஃபினிஷ்ட் சிக்னலும் அப்படித்தான். ஓர் இலக்கம் விட்டுப்போனால் பெட்டி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், தப்பு என்றும் சொல்லாது.

மூன்றாவது அடி: பெட்டி காலியாக இருந்தால் எச்சரிக்கை காட்டு என்று எழுதியிருந்தேன், ஒரு நாளும் காட்டவில்லை. மாஸ்க் இருக்கும் பெட்டியில் எதுவுமே தட்டாவிட்டாலும் டெக்ஸ்ட் மெத்தட் காலிச் சரத்தைத் தராது. இரண்டு கோடுகளையும் சேர்த்து '--' என்று தரும். அதே காரணத்தால் சாம்பல் நிறக் குறிப்பும் அங்கே தெரியாது.

நான்காவது, மவுசால் பெட்டியின் நடுவில் க்ளிக் செய்தால் கர்சர் நடுவிலேயே போய் நிற்கும். ஆள் அங்கிருந்தே தட்டத் தொடங்குவார், முன்பக்கம் காலியாகக் கிடக்கும்.

மாஸ்க்கைக் கழற்றி எறிந்தேன். இப்போது அது சாதாரணப் பெட்டி. எடிட்டிங்ஃபினிஷ்ட் வந்ததும், அதாவது ஆள் என்டர் அழுத்தியோ அடுத்த பெட்டிக்குப் போயோ முடித்ததும், கோடுகளையும் இடைவெளிகளையும் நீக்கிவிட்டு எண்ணிப் பார்க்கிறேன். பன்னிரண்டு இலக்கம் இருந்தால் நானே கோடு போட்டுத் திரும்பப் பெட்டியில் வைக்கிறேன். இல்லையென்றால் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'இன்னும் 2 இலக்கம்' என்று ஒரு லேபிள். அக்காவுக்கு இதுதான் பிடித்தது. தட்டும்போது பெட்டி குறுக்கே வரக் கூடாது என்பது என் கட்சி, மாஸ்க் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இலக்கம்தானா என்று பார்க்கப் பைத்தானின் இஸ்டிஜிட் போதும். ஒரு வேடிக்கை, அது ௧௨௩ என்ற தமிழ் இலக்கங்களையும் 'ஆமாம், இலக்கம்தான்' என்று ஏற்றுக்கொள்ளும். இன்ட் ஆக்கினால் 123 என்றே தரும். ஐசியை யாரும் தமிழ் இலக்கத்தில் தட்டப்போவதில்லை என்பதால் அப்படியே விட்டுவைத்தேன்.

மேக்ஸ்லெங்க்த்தை (அதிகபட்சம் எத்தனை எழுத்து என்ற எல்லை) 14 என்று இறுக்கிப் பிடிக்காதீர்கள். முன்னால் ஓர் இடைவெளியோடு ஒட்டினால் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டுப் போகும், ஒரு சத்தமும் வராது. நான் 20 வைத்திருக்கிறேன்.

படி 5: பெயர்ப் பெட்டி

ஐசியில் இருப்பது போலப் பெரிய எழுத்தில் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு எழுத்து மாறும்போதும் வரும் டெக்ஸ்ட்சேஞ்ச்ட் சிக்னலில் பிடித்து, பெரிய எழுத்தாக்கி, செட்டெக்ஸ்ட் மூலம் திரும்ப வைத்தேன். முதலிலிருந்து தட்டினால் அழகாக வரும். நடுவில் ஓர் எழுத்தைத் திருத்தப் போனால் கர்சர் கடைசிக்கு ஓடிவிடும். செட்டெக்ஸ்ட் செய்தாலே கர்சர் கடைசிக்குப் போகும், செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ வரலாறும் அழிந்துவிடும். இதையும் எடிட்டிங்ஃபினிஷ்ட்டுக்கு மாற்றுங்கள், தீர்ந்தது.

எழுத்தும் இடைவெளியும் மட்டும் வரலாம் என்று வேலிடேட்டர் (தட்டுவதைச் சரிபார்த்து வடிகட்டுவது) போடுவது அடுத்த ஆசை. நம் நாட்டில் அது வேலைக்கு ஆகாது. ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று சாய்கோடு இல்லாத தமிழர் பெயர் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? மறுபெயர் இருந்தால் நடுவில் @ வேறு வரும். வேலிடேட்டர் பிடிக்காத எழுத்தைத் திரையில் காட்டவே காட்டாது. சாய்கோட்டு விசை கெட்டுவிட்டது என்று நினைத்து ஓர் அங்கிள் கீபோர்டையே மாற்றிக் கொண்டுவந்தார். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரிப்பதும் வேண்டாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரே பெட்டி, முழுப் பெயர், அவ்வளவுதான்.

கைப்பேசிக்கும் இதே கதை. 012, 016 எண்களுக்குப் பின்னால் ஏழு இலக்கம், 011-க்கு எட்டு. ஒரே அளவு என்று எண்ணி எழுதினால் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடுவீர்கள்.

சேர்க்கை: 'கிருஷ்ணவேண' யார்?

இதை வெளியிட்ட பிறகு ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் கேட்டார். தமிழ்ப் பெயர்ப் பெட்டியில் மேக்ஸ்லெங்க்த் 10 வைத்தாராம், கிருஷ்ணவேணி என்று தட்டினால் கடைசிச் சுழி விழவே மாட்டேன் என்கிறதாம். "ஆறே எழுத்துதானே?" என்று கேட்டிருந்தார். என் நிரலிலும் அதே 10தான் இருந்தது. அட்டையில் பத்து எழுத்துக்குத்தான் இடம் என்பதால் வைத்தது. ஓடிப்போய்ப் பட்டியலைப் பார்த்தேன், எங்களிடமும் ஒரு கிருஷ்ணவேண இருந்தார்.

நம் கண்ணுக்குக் கி, ரு, ஷ், ண, வே, ணி என்று ஆறு. யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி: க, அதற்கு ஒரு கொக்கி, ஷ, அதற்கு ஒரு புள்ளி. மொத்தம் பதினொன்று வரும். லைன் எடிட் எண்ணுவது இந்தக் கணக்கைத்தான், ஆகவே பதினொன்றாவதாக வந்த கொக்கி வெளியே நின்றுவிட்டது. 'ஸ்ரீ' மட்டுமே நாலு. பேக்ஸ்பேஸ் அழுத்தினால் முழு எழுத்து போகாமல் கொக்கி மட்டும் போவதும் இதே காரணத்தால்தான். டெலிட் விசையோ முழு எழுத்தையும் தூக்கிவிடும்.

தமிழ்ப் பெட்டியில் மேக்ஸ்லெங்க்த்தைத் தொடாமல் விடுங்கள். அது தானாகவே 32767-இல் இருக்கும், யாருடைய பெயரும் அதைத் தாண்டாது. எழுத்தை நீங்களே எண்ணுங்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா மூலம் ஒவ்வொரு குறியின் வகையைக் கேட்டு, சார்புக்குறிகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் கிருஷ்ணவேணிக்குச் சரியாக ஆறு வரும். கைவேலை பிடிக்காதவர்களுக்கு ஓப்பன் தமிழ் நூலகத்தில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் வசதி தயாராகவே இருக்கிறது.

தமிழில் தட்ட எது நல்லது என்றும் கேட்டிருந்தார். எனக்கு அஞ்சல் முறைதான், ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டுவது. முரசு அஞ்சல் நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கியது, கை அதிலேயே பழகிவிட்டது. பள்ளியில் தமிழ் 99 விசைப்பலகை படித்த பிள்ளைகள் என்னைவிட வேகமாகத் தட்டுகிறார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு சேர்க்கை

படி 4-ஐப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: "அண்ணே, டி-சட்டை கொடுக்க ஐசி நம்பர் எதற்கு?"

அடுத்த கூட்டத்தில் தலைவர் அண்ணனிடம் அதே கேள்வியைக் கேட்டேன். நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கட்டம் இருந்தது, அதனால் நிரலிலும் இருக்கிறது என்றார். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் பிரித்துப் பார்க்கக் கைப்பேசி எண்ணின் கடைசி நாலு இலக்கம் போதும் என்று முடிவானது. டிசைனரைத் திறந்து, மூன்று வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து டெலிட் அழுத்தினேன். பெயர்ப் பெட்டியிலிருந்து கைப்பேசிப் பெட்டிக்கு எஃப் 4 கோட்டைப் புதிதாக இழுக்க மறந்துவிட்டேன், மறுநாளே அக்கா ஃபோன் செய்துவிட்டார்.