லாக் ஓபரான் கணக்கு: படத்தை மனப்பாடம் பண்ணாம ஜீன் ஆன்-ஆ ஆஃப்-ஆன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

பன்னெண்டாவது பயாலஜில ஜீன் கட்டுப்பாடுன்னு வந்தாலே லாக் ஓபரான் (பாக்டீரியால லாக்டோஸை செரிக்கற ஜீன்கள் ஒரே சுவிட்ச்ல சேந்திருக்கற கூட்டம்) படம் ஒண்ணு இருக்கும், கலர் கலரா பெட்டி, மேல ஒரு உருண்டை ஒட்டியிருக்கும், அடுத்த படத்துல உருண்டை காணாம போயிருக்கும். பசங்க அந்த ரெண்டு படத்தையும் அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு போயிடறாங்க, பரிட்சைல “ஐ ஜீன் கெட்டுப்போச்சு, கூடவே இன்னொரு காப்பி உள்ள வந்துச்சு, இப்ப என்ன ஆகும்”னு கேட்டா பேனா நின்னுடும். இந்த போஸ்ட்ல படம் மனப்பாடம் பண்ற வேலையே கிடையாது. ஒரே ஒரு கேள்வியை ஒவ்வொரு பாகத்துக்கிட்டயும் திரும்பத் திரும்ப கேக்கப் போறோம், அவ்ளோதான். ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கோங்க.

முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டியது ரொம்ப கம்மி. டிஎன்ஏல இருக்கற ஜீனை ஆர்என்ஏ பாலிமரேஸ் படிச்சு எம்ஆர்என்ஏவா காப்பி எடுக்கும், அதை ரைபோசோம் படிச்சு புரோட்டீன் செய்யும். ஜீன் இருக்குங்கறது வேற, அது படிக்கப்படுதுங்கறது வேற, இந்த வித்தியாசம் பிடிபட்டா மீதி தானா வரும்.

ஸ்டெப் 1: கோடு போடுங்க

நம்ம குடல்ல இருக்கற ஈ.கோலை பாக்டீரியாதான் ஹீரோ. அதோட டிஎன்ஏ சுமார் 46 லட்சம் எழுத்து, ஜீன் ஒரு 4,300 சொச்சம். எல்லாத்தையும் எந்நேரமும் படிச்சிட்டு இருந்தா அதுக்கு கட்டுப்படியாகாது. உதாரணத்துக்கு பீட்டா கேலக்டோசிடேஸ்னு ஒரு என்சைம், பால்ல இருக்கற லாக்டோஸை குளுக்கோஸ், கேலக்டோஸ்னு ரெண்டா உடைக்கறது. ஆயிரத்துக்கும் மேல அமினோ அமிலம் கோத்த ஒரு சங்கிலி, அந்த மாதிரி நாலு சங்கிலி சேந்தாதான் ஒரு என்சைம். லாக்டோஸே இல்லாத இடத்துல இதை செஞ்சு அடுக்கி வச்சா சுத்த வேஸ்ட்.

இப்ப பேப்பர்ல ஒரு நீள கோடு போட்டு இடமிருந்து வலமா எழுதுங்க: ஐ, அப்புறம் புரோமோட்டர் (பாலிமரேஸ் வந்து நின்னு படிக்க ஆரம்பிக்கற இடம்), ஆப்பரேட்டர் (சுருக்கமா ஓ), அப்புறம் இசட், ஒய், ஏ. இசட் ஜீன்தான் மேல சொன்ன என்சைமை தர்றது. ஒய் ஜீன் பெர்மியேஸ் தரும், லாக்டோஸை செல்லுக்குள்ள இழுத்துட்டு வர்றது அதோட வேலை. ஏ ஜீன் ஒரு டிரான்ஸ்அசெட்டிலேஸ் தரும், லாக்டோஸை செரிக்க அது தேவையே இல்ல, கணக்குல அதை கண்டுக்காதீங்க. இசட், ஒய், ஏ மூணுக்கும் சேத்து ஒரே புரோமோட்டர், ஒரே நீள எம்ஆர்என்ஏ, அதனால வந்தா மூணும் சேந்து வரும். ஐ ஜீனுக்கு மட்டும் தனி புரோமோட்டர் இருக்கு, அது எப்பவும் கொஞ்சமா ஓடிட்டே இருக்கும். படத்துல ஐ பக்கத்துல இருக்கறதால அதையும் மத்ததோட சேத்து ஆஃப் பண்ணிடாதீங்க.

ஸ்டெப் 2: அந்த ஒரு கேள்வி

ஒவ்வொரு பாகத்தையும் பாத்து கேளுங்க: இது சுத்துமா, ஒட்டிக்கிட்டே இருக்குமா?

ஐ ஜீன்ல இருந்து வர்றது ரெப்ரெஸ்ஸர்னு ஒரு புரோட்டீன். ஒரு செல்லுல சுமார் பத்துதான் இருக்கும், ஆனா அது செல்லு முழுக்க சுத்தும், எந்த டிஎன்ஏ துண்டுல ஆப்பரேட்டர் இருந்தாலும் போய் ஒக்காரும். ஆப்பரேட்டர் அப்படி இல்ல. அதுல இருந்து ஒண்ணும் உற்பத்தி ஆகறதில்ல, அது வெறும் டிஎன்ஏ எழுத்து வரிசை, அதே துண்டுல தனக்கு அடுத்து இருக்கற ஜீன்களை மட்டும்தான் பாதிக்க முடியும். புரோமோட்டரும் அதே மாதிரி. ரெப்ரெஸ்ஸர் தெருவெல்லாம் சுத்தி பூட்டு போடற வாட்ச்மேன்னா ஆப்பரேட்டர் ஒரு வீட்டோட தாழ்ப்பாள், வாட்ச்மேன் எந்த வீட்டுக்கும் போவான், ஒரு வீட்டு தாழ்ப்பாள் பக்கத்து வீட்டு கதவை என்னைக்கும் பூட்டாது. இதை ஓரமா எழுதி வச்சுக்கோங்க, ஸ்டெப் 6ல மொத்த மார்க்கும் இதுலதான் இருக்கு.

ஸ்டெப் 3: லாக்டோஸ் இல்லாதப்போ

ரெப்ரெஸ்ஸர் ஆப்பரேட்டர்ல ஒக்காந்திருக்கும், பாலிமரேஸால வேலைய ஆரம்பிக்க முடியாது. ஆஃப்.

ஆனா முழு ஆஃப் இல்ல. ரெப்ரெஸ்ஸர் அப்பப்ப ஒரு நொடி நழுவும், அந்த இடைவெளில ஒண்ணு ரெண்டு எம்ஆர்என்ஏ வந்துடும், செல்லுக்கு ஒரு சில என்சைம், ஒரு சில பெர்மியேஸ் எப்பவும் இருக்கும். இந்த கசிவை நிறைய நோட்ஸ்ல விட்டுடறாங்க, அது இல்லாம அடுத்த ஸ்டெப்பே நடக்காதுங்கறதுதான் வேடிக்கை. கிளாஸ்ல கூட சில பசங்க சரியா கேப்பாங்க, “பெர்மியேஸ் வேணும்னா லாக்டோஸ் உள்ள இருக்கணும், லாக்டோஸ் உள்ள வரணும்னா பெர்மியேஸ் இருக்கணும், அப்ப எப்படி சார் ஆரம்பிக்கும்?”னு. பதில் இந்த கசிவுதான்.

ஸ்டெப் 4: லாக்டோஸ் வந்ததும்

கசிவுல வந்த பெர்மியேஸ் வழியா கொஞ்சம் லாக்டோஸ் உள்ள வரும், கசிவுல வந்த என்சைம் அதுல ஒரு பகுதியை உடைக்காம லேசா இணைப்பை மாத்தி அல்லோலாக்டோஸ்னு ஒண்ணா ஆக்கும். ரெப்ரெஸ்ஸர்ல போய் ஒட்டறது இந்த அல்லோலாக்டோஸ்தான், லாக்டோஸ் இல்ல (ஒரு மார்க் கேள்வில இங்கதான் கவுத்து விடுவாங்க). ஒட்டினதும் ரெப்ரெஸ்ஸரோட வடிவம் கொஞ்சம் மாறும், ஆப்பரேட்டர் மேல பிடி விட்டுப்போகும், பாலிமரேஸ் ஓட ஆரம்பிக்கும், பெர்மியேஸ் நிறைய வரும், அதனால இன்னும் லாக்டோஸ் உள்ள வரும், அப்படியே ஏறி என்சைம் அளவு சுமார் ஆயிரம் மடங்கு வரைக்கும் போகும். எல்லாம் நிமிஷக் கணக்குல. பாக்டீரியால நியூக்ளியஸ் கிடையாதுல்ல, எம்ஆர்என்ஏ பாதி வரும்போதே ரைபோசோம் தொத்திக்கிட்டு வேலைய ஆரம்பிச்சுடும்.

லாக்டோஸ் தீந்துட்டா? ரெப்ரெஸ்ஸர் திரும்ப ஒக்காரும், இருக்கற எம்ஆர்என்ஏ ஒரு சில நிமிஷத்துல சிதைஞ்சுடும். ஆனா ஏற்கனவே செஞ்ச என்சைம் உடனே மாயமாகாது, அது பாட்டுக்கு இருக்கும், செல் ரெண்டாகி நாலாகி பிரியும்போது பங்கு பிரிஞ்சு பிரிஞ்சுதான் கம்மியாகும். ஜீனை ஆஃப் பண்றது ஒண்ணு, புரோட்டீன் தீர்றது இன்னொண்ணு.

ஸ்டெப் 5: குளுக்கோஸை தனியா கேளுங்க

பாரிஸ்ல ஜாக் மோனோங்கற விஞ்ஞானி 1941ல முடிச்ச தீசிஸ்ல ஒரு கிராஃப் இருக்கு. சில ரெண்டு சர்க்கரைகளை கலந்து குடுத்தா பாக்டீரியா வளர்ச்சி ஒரே ஏத்தமா போகாது, ஏறும், கொஞ்ச நேரம் தட்டையா நிக்கும், திரும்ப ஏறும். குளுக்கோஸும் லாக்டோஸும் குடுத்தா இதேதான். முதல்ல குளுக்கோஸ் காலி ஆகுது, நடுவுல அந்த தட்டை பகுதில லாக் ஜீன்கள் ஆன் ஆகுது, அப்புறம் லாக்டோஸ் சாப்பிட ஆரம்பிக்குது.

காரணம் ரெண்டு. லாக் புரோமோட்டர் தனியா பாத்தா ரொம்ப வீக், பாலிமரேஸ் அங்க சரியா நிக்காது. பக்கத்துல கேப்னு ஒரு புரோட்டீன் ஒக்காந்து கை குடுத்தாதான் வேகம் வரும், கேப் ஒக்காரணும்னா சைக்ளிக் ஏஎம்பிங்கற ஒரு சின்ன மூலக்கூறு வேணும், குளுக்கோஸ் தாராளமா உள்ள வந்துட்டு இருக்கும்போது சைக்ளிக் ஏஎம்பி கம்மியாதான் இருக்கும். ரெண்டாவது காரணம் பாடப்புத்தகத்துல பெரும்பாலும் வராது: குளுக்கோஸை உள்ள இழுக்கற சிஸ்டம்ல இருக்கற ஒரு புரோட்டீன் போய் பெர்மியேஸை பிடிச்சு அமுக்கிடும், லாக்டோஸ் உள்ளயே வராது. குளுக்கோஸ் நேரா போய் கேப் மேலயோ ரெப்ரெஸ்ஸர் மேலயோ ஒட்டுதுன்னு எழுதிடாதீங்க.

ஆக ரெண்டு கேள்வி. ரெப்ரெஸ்ஸர் எழுந்துடுச்சா? கேப் ஒக்காந்துடுச்சா? ரெண்டுக்கும் ஆமான்னா மட்டும் ஃபுல் ஸ்பீடு, அதாவது லாக்டோஸ் இருக்கு குளுக்கோஸ் இல்ல. ரெண்டு சர்க்கரையும் இருந்தா ஏதோ கொஞ்சம் வரும். ரெண்டுமே இல்லன்னா கேப் ரெடியா ஒக்காந்திருக்கும், ஆனா ரெப்ரெஸ்ஸரும் ஒக்காந்திருக்கு, ஆஃப். குளுக்கோஸ் மட்டும்னா சொல்லவே வேணாம்.

ஸ்டெப் 6: இப்ப கெட்டுப்போன செல்களை போடுங்க

வேலை செய்யற ஜீனை ஐ+, கெட்டுப்போனதை ஐ− அப்படின்னு எழுதுவோம், இசட்டுக்கும் அதே. இங்கேர்ந்து குளுக்கோஸ் இல்லன்னே வச்சுக்கலாம்.

ஐ− செல்லுல வாட்ச்மேனே இல்ல, லாக்டோஸ் இருந்தாலும் இல்லன்னாலும் எப்பவும் ஆன். ஓ-சி செல்லுல வாட்ச்மேன் இருக்கான், தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கு, ரெப்ரெஸ்ஸருக்கு பிடிமானம் இல்ல, அதுவும் எப்பவும் ஆன். வெளில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி. எப்படி பிரிச்சு சொல்றது?

இன்னொரு காப்பியை உள்ள விடுங்க. லாக் பகுதியை சுமக்கற ஒரு பிளாஸ்மிட்டை (பாக்டீரியால தனியா இருக்கற சின்ன டிஎன்ஏ வளையம்) செல்லுக்குள்ள அனுப்பினா அந்த பகுதிக்கு மட்டும் ரெண்டு காப்பி ஆயிடும். முதல் கணக்கு, ஐ− ஓ+ இசட்+ ஒரு பக்கம், ஐ+ ஓ+ இசட்− இன்னொரு பக்கம். நல்ல ஐ வேற துண்டுல இருக்கே, பரவால்லயா? பரவால்ல, ரெப்ரெஸ்ஸர் சுத்தும், இந்தப் பக்கம் வந்து பூட்டும், லாக்டோஸ் இருந்தாதான் என்சைம் வரும், எல்லாம் நார்மல். ரெண்டாவது, ஐ+ ஓ-சி இசட்+ ஒரு பக்கம், ஐ+ ஓ+ இசட்− இன்னொரு பக்கம். நல்ல ஓ இருக்கறது இசட்− பக்கம், அது இங்க வந்து உதவாது, அதனால என்சைம் எப்பவும் வரும். இதுலயே ஓ ரெண்டையும் இடம் மாத்தி ஓ-சிய இசட்− பக்கம் வச்சா என்சைம் நார்மலா கட்டுப்படும், ஏன்னா உடைஞ்ச தாழ்ப்பாள் இருக்கற வீட்டுல வேலை செய்யற இசட்டே இல்ல.

இப்படி ஒரு சோதனையாலதான் வரலாறே திரும்புச்சு. பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல ஆர்தர் பார்டி, ஃபிரான்சுவா ஜாக்கோப், மோனோ மூணு பேரும் சேந்து பண்ணது, 1959ல விரிவா வெளிவந்துச்சு. ஐ+ இசட்+ ஆண் பாக்டீரியால (டிஎன்ஏவை குடுக்கறது) இருந்து டிஎன்ஏவை மட்டும் ஐ− இசட்− பெண் பாக்டீரியாக்குள்ள (வாங்கிக்கறது) விட்டாங்க, லாக்டோஸ் மாதிரி எதுவும் போடல. உள்ள போன சில நிமிஷத்துலயே என்சைம் வர ஆரம்பிச்சுது, ஏன்னா அந்த பெண் செல்லுல ரெப்ரெஸ்ஸரே கிடையாது. அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள என்சைம் ஏறுறது நின்னுபோச்சு, ஏன்னா உள்ள வந்த ஐ+ அதுக்குள்ள ரெப்ரெஸ்ஸரை சேத்துடுச்சு. அது வரைக்கும் மோனோ ஐ− செல்லுக்குள்ளயே தூண்டற பொருள் ஏதோ உற்பத்தி ஆகுதுன்னு நினைச்சிட்டு இருந்தார், இந்த கிராஃப் அதை தலைகீழா திருப்பிடுச்சு. 1961ல ஜாக்கோப்பும் மோனோவும் மொத்தத்தையும் ஒரு பெரிய கட்டுரையா எழுதினாங்க, 1965ல ஆந்த்ரே லுவாஃப் கூட சேத்து நோபல். அந்த 1961 கட்டுரைல ரெப்ரெஸ்ஸர் ஆர்என்ஏவா இருக்கும்னுதான் ஊகம் பண்ணியிருந்தாங்க, 1966ல ஹார்வர்டுல வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதை பிரிச்செடுத்து புரோட்டீன்தான்னு காட்டினாங்க. யாரும் கண்ணால பாக்காத ஒரு பொருளை இந்த மாதிரி கணக்கு போட்டே இருக்குன்னு சொன்னாங்க பாருங்க, எனக்கு அதுதான் இதுல பெரிய விஷயம்.

இன்னொரு வகை ஐ-எஸ். இந்த ரெப்ரெஸ்ஸர் நல்லா ஒக்காரும், ஆனா அல்லோலாக்டோஸ் அதுல ஒட்டாது, அதனால எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. எப்பவும் ஆஃப். கூட ஐ+ காப்பி இருந்தாலும் ஆஃப்தான், ஒரு நல்ல வாட்ச்மேன் எழுந்து போனாலும் இந்த பிடிவாதக்காரன் வந்து ஒக்காந்துடுவான்.

ஸ்டெப் 7: லேப் இருந்தா கண்ணால பாருங்க

இது காலேஜ் லேப்ல மட்டும், வீட்டு கிச்சன்ல வேணாம். எக்ஸ்-கால்னு ஒரு நிறமில்லாத பொருள் இருக்கு, பீட்டா கேலக்டோசிடேஸ் அதை உடைச்சா நீலமாகும். ஐபிடிஜின்னு இன்னொரு பொருள், அல்லோலாக்டோஸ் மாதிரியே ரெப்ரெஸ்ஸரை எழுப்பிவிடும், ஆனா என்சைம் அதை உடைக்காது, அதனால தீராது. அகார் பிளேட்ல கிளிசரால் மாதிரி ஏதாவது உணவா வச்சு (குளுக்கோஸ் போட்டா ஸ்டெப் 5 வந்து கெடுத்துடும்) எக்ஸ்-கால் கலந்து, பிளேட்டுகள்ல பாதிக்கு மட்டும் ஐபிடிஜி சேத்து, 37 டிகிரில ராத்திரி முழுக்க வைங்க. எக்ஸ்-கால் தண்ணில கரையாது, டிஎம்எஃப்ங்கற கரைப்பான்ல கரைச்சு வெளிச்சம் படாம வைக்கணும், ஐபிடிஜிக்கு தண்ணியே போதும்.

காலைல பாக்கறதுக்கு முன்னாடி பதிலை எழுதிடுங்க. சாதா ஈ.கோலை ஐபிடிஜி இல்லாத பிளேட்ல வெள்ளையா வரும், உத்துப்பாத்தா சில காலனி நடுவுல லேசா நீலம் தட்டியிருக்கலாம், ஸ்டெப் 3ல சொன்ன கசிவுதான் அது. ஐபிடிஜி இருந்தா நல்ல நீலம். ஐ− ரெண்டு பிளேட்லயும் நீலம், ஐ-எஸ் ரெண்டுலயும் வெள்ளை. கலர் வெளிறி இருந்தா பிளேட்டை கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, நீலம் ஏறும்.

கடைசியா ரெண்டு கணக்கு, பதிலை மறைச்சிட்டு போட்டு பாருங்க.

ஒண்ணு: ஐ-எஸ் ஓ+ இசட்+ ஒய்− ஒரு பக்கம், ஐ+ ஓ-சி இசட்− ஒய்+ இன்னொரு பக்கம். பீட்டா கேலக்டோசிடேஸ் வராது, இசட்+ இருக்கற பக்கம் ஐ-எஸ் ரெப்ரெஸ்ஸர் ஒக்காந்திருக்கு. ஆனா பெர்மியேஸ் எப்பவும் வரும், ஒய்+ இருக்கறது தாழ்ப்பாள் உடைஞ்ச பக்கம். (இசட்− எந்த மாதிரி கெட்டுப்போச்சுங்கறதை பொறுத்து ஒய் அளவு குறையறதும் உண்டு, பரிட்சைல அவ்ளோ தூரம் போக மாட்டாங்க.)

ரெண்டு: ஐ-எஸ் ஓ-சி இசட்+, ஒரே காப்பிதான், லாக்டோஸ் கிடையாது. ஐ-எஸ் பாத்ததும் ஆஃப்னு எழுதியிருந்தா தப்பு. அந்த ரெப்ரெஸ்ஸர் எவ்ளோ பிடிவாதக்காரனா இருந்தாலும் ஒக்கார தாழ்ப்பாள் சரியா இருக்கணும்ல, இங்க அது இல்ல, அதனால எப்பவும் ஆன்.